பக்கம் 47, கீழ் மூலை

ஊபியில் ஐந்தாம் மாடி அச்சகம்.
குடமுழுக்கு மலருக்கு இன்றிரவு கடைசி மெய்ப்பு.
நன்கொடையாளர் பட்டியலில்
ஒற்று விடுபட்ட பெயர்களுக்கெல்லாம் ஒற்று வைத்தாயிற்று.
ஆறிப்போன கோப்பியும் குடித்தாயிற்று.
மிச்சம், பக்கம் நாற்பத்தேழின் கீழ் மூலை.
நகைக்கடை விளம்பரம் வராமல் போனதால்
இடம் கிடைத்த நான்கு வரி:

        இருட்டுக்குள் கயிறுபற்றி ஏறினேன்;
        எட்டியதும் இல்லை நீ, விட்டதும் இல்லை நீ;
        தாழிடாக் கதவொன்று தாங்கி நிற்கின்றேன்;
        வாராய் இறைவா வாராய்

எழுதியவர் செண்பகராமன்,
மின்தூக்கி பழுதுபார்ப்பவர்.

செயலாளர் தொலைபேசியில்:
"எந்தச் சாமின்னு போடலையே?
சரி, வாராய் ரெண்டு தடவை வருது, ஒண்ணை எடுத்துருங்க.
இல்லைன்னா ஆச்சரியக்குறியாவது போடுங்க,
பக்தி தெரியும்."

குறியைப் போடத்தான் போனேன்.
இலக்கணம்
பின்னாலிருந்து தோளைத் தொட்டது.

வாராய் என்றால் வா.
வாராய் என்றால் வரமாட்டாய்.
ஏவலுக்கும் எதிர்மறைக்கும் ஒரே உடுப்பு.
உயர்நிலை இரண்டில், ஐந்து மதிப்பெண் கேள்வி.
சரியாக எழுதினேன் என்றுதான் நினைவு.
எழுதிவிட்டுக் கூடைப்பந்து ஆடப் போனேன்.

குறி போட்டால் இவர் அழைக்கிறார்.
புள்ளி வைத்தால் இவருக்குத் தெரிந்துவிட்டது.
சொல் இரண்டு முறை வருகிறதே, எது எது?
அழைத்து அழைத்துக் கடைசியில்
வரமாட்டாய் என்று கண்டுகொண்டாரா?
வரமாட்டாய் என்று கண்டுகொண்ட பிறகும்
அழைத்தாரா?

கூப்பிட்டேன். மணி ஒன்பதே முக்கால்.
அந்தப் பக்கம் இரும்பு உரசும் சத்தம்,
யாரோ மலாயில் அதட்டும் சத்தம்.
"வாராய்னு எழுதியிருக்கீங்களே அண்ணே,
வான்னா, வரமாட்டேன்னா?"
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"ஏழாம் மாடிக்கும் எட்டுக்கும் நடுவுல
ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க.
பேசிக்கிட்டே இருக்கணும் அவங்ககிட்ட,
இல்லைன்னா பயந்துருவாங்க. அப்புறம் கூப்பிடுறேன்."

கூப்பிடவில்லை.

கேகே மருத்துவமனையில், மூன்றாம் முறை,
திரையில் அசையாத சாம்பல் நிறத்தைப் பார்த்தபடி
நானும் ஒரு சொல் சொன்னேன், வாய்விட்டு அல்ல.
பதினோரு வாரம் இரவும் பகலும்
வயிற்றைத் தடவிச் சொன்ன அதே சொல்தான்.
புதிதாக ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை.
தாதி கையைத் துடைத்துக்கொண்டு
என் பெயரைத் தப்பாக உச்சரித்தாள்.

அன்றோடு விளக்கேற்றுவதை நிறுத்தினேன்.
துலக்குவதை நிறுத்தவில்லை.
வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டுத் தேய்த்து
காயவைத்து, திரும்ப அலமாரிக்குள்.
எதற்கென்று மதிவாணன் கேட்டதில்லை.
கேட்டிருந்தால்
என்னிடமும் ஒரு குறி இருந்திருக்காது.

எட்டியதும் இல்லை நீ, விட்டதும் இல்லை நீ.
இந்த வரியை நான் திருத்தவே இல்லை.
திருத்த அதில் ஒன்றுமில்லை.

கடைசிச் சொல்லுக்குப் பின்
ஆச்சரியக்குறியை வைத்தேன், அழித்தேன்.
முற்றுப்புள்ளி வைத்தேன். அதையும் அழித்தேன்.
வெற்றிடமாக விட்டு அனுப்பினேன்.
நாளை செயலாளர் அச்சுப்பிழை என்பார்.
சரி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஹவ்காங்கில் எங்கள் புளோக்கின் கீழே
பொத்தானை அழுத்தினேன். எரிந்தது.
மேலே சிவப்பு எண்
பதினொன்றிலேயே நின்றது,
இறங்கவும் இல்லை, அணையவும் இல்லை.
படிக்கட்டு பக்கத்தில்தான்.
ஆறு மாடி, ஏறிவிடலாம்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்