வெட்டின் ஆழம்

கேமராவைக் கேட்டது நாங்கள்தான்.
மனுவில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது:
ம. எப்சிபாய், ரப்பர் பால்வெட்டு, குலசேகரம் பக்கம்.

அக்காள் மகன் அஜின்
விடியுமுன் சொசைட்டிக்குப் பால்பாத்திரத்தோடு போனான்.
பாறைக்கல் ஏற்றிய லாரி நிற்கவில்லை.
நம்பரைப் பார்த்தவர் யாருமில்லை.
அங்கிருந்த ஒரே தெருவிளக்கும்
மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே எரியவில்லை.

எட்டு மாதம் கழித்து வந்தது,
முக்கு மின்கம்பத்தில் நான்கு முகமும்
கீழே ஒரு மஞ்சள் பலகையும்.
மூன்றாம் வாரமே ஒரு லாரி மாட்டியது.
சைக்கிள்காரரைத் தட்டிவிட்டு ஓடியதை
களியக்காவிளை தாண்டுமுன் பிடித்தார்கள்.
பொய் சொல்ல மாட்டேன்.
அன்று ராத்திரி அக்காளின் ஜெபத்தில்
அந்தக் கம்பத்துக்கும் ஒரு வரி இருந்தது.

அப்புறம் குவாரிக்கு எதிராக ஒரு மனு.
நேசபாய் வீட்டு முற்றத்தில் கூடினோம், பதினேழு பேர்,
கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனியும்.
அடுத்த வாரம் தோட்டத்துக்குள் ஒருவர் வந்தார்.
மணி நாலரை.
என் நெற்றிவிளக்கின் வட்டத்துக்குள்
முதலில் வந்தது அவருடைய பூட்ஸ்.
சீருடை இல்லை.

"பதினேழு பேர்தானே?
குடையை மறந்துட்டுத் திரும்பி வந்தது யாரு?"

குடை என்னுடையது.

"தினமும் மூணே முக்காலுக்குக் கிளம்புறீங்க."
வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், சார்.
"செவ்வாய்க்கிழமை மட்டும்
கலுங்குப் பக்கம் பதினோரு நிமிஷம்.
விளக்கை அணைச்சிட்டு."

கத்தி பட்டையிலேயே நின்றது.

செவ்வாய்க்கிழமை
அஜினுக்குப் பத்தொன்பது முடிந்திருக்கும்.
அவன் பாத்திரம் உருண்டு கிடந்த இடத்தில்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.
அக்காளுக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்குத் தெரியாது.
ஜெபம்கூட இல்லை அது,
ஆண்டவரிடமும் சொல்லியிருக்கவில்லை.
பதினோரு நிமிஷம் என்று
எனக்கே அப்போதுதான் தெரியும்.

குவாரி வெடிமருந்து வேறெங்கோ போகிறது என்றார்.
போகலாம்.
பெரிதாக ஏதாவது நடந்தால்
முதலில் எங்களைத்தான் கேட்பீர்கள் என்றார்.
கேட்போம்தான்.
"ஒண்ணும் செய்யாதவங்களுக்கு என்னம்மா பயம்?"
கொசுவை அடித்தபடி,
மதுரைப் பக்கத்துப் பேச்சில்,
வைய வேண்டுமென்று இல்லாமல் கேட்டார்.

விளக்கைப் பக்கத்து மரத்துக்குத் திருப்பினேன்.
இதைத் தொட்டுப் பாருங்க, சார்.
இடுப்பு உயரத்தில் பட்டை முண்டு முண்டாக.
நான் வெட்டுப் படித்த வருஷம் அது.
மேலோட்டமாக வெட்டினால் பால் வராது.
வரவேண்டுமே என்று அழுத்தினேன்,
தடிவரைக்கும் போய்விட்டது கத்தி.
நடுவில் ஒரு நயாபைசா கனம்தான்.
பதினாலு வருஷமாக
அந்த இடத்தில் வெட்டு ஓடவில்லை.

தொட்டார்.
கைக்குட்டையில் விரலைத் துடைத்தார்.
எதையோ குறித்துக்கொண்டார்,
மரத்தையா, என்னையா, தெரியாது.

ஒட்டுப்பாலை உருட்டி எறிந்து
கேமராவின் கண்ணை மூடிவிடுகிறேன் என்றான் ஜெப்ளின்.
வேண்டாமென்றேன்.
லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன,
பிள்ளைகள் கடந்துகொண்டும்.

வேறொரு மனு எழுதினோம்:
நான்கு முகமும் சாலையைப் பார்க்கட்டும்,
நேசபாய் முற்றத்தில் அதற்கு வேலையில்லை.
முப்பதாம் நாள் படம் அழியட்டும்.
பார்க்கிறவர் யாரானாலும்
எங்களைப் போலப் பெயரெழுதி
கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்க்கட்டும்.
இந்த முறை முதல் கையெழுத்து நான்.
பதினேழில் பதினொன்று சேர்ந்தது.
மற்ற ஆறு பேருக்கும் அன்றைக்கு வேலை இருந்ததாம்.
தக்கலையில் ரசீது தந்தார்கள்.
மடித்து, சங்கீதம் பக்கத்தில்
வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

இன்று மூணே முக்கால்.
கம்பத்தடியில் நின்று
நெற்றியை நிமிர்த்திக் காட்டினேன்.
அங்கே, எந்த அறையிலோ, ஒரு திரையில்
ஒரு நொடி வெறும் வெள்ளை தெரிந்திருக்கும்.
அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

கலுங்கு வந்தது.
விளக்கை அணைக்கவில்லை.
நிற்காமல் தாண்டினேன்.