ஆறாவது நொடி

என் குரலுக்கு ஐந்து நொடி ஆயுள்.
அதற்குள் ஒரு மெத்தையை விற்றுவிட வேண்டும்,
அல்லது வட்டியில்லாத முதல் கடனை,
அல்லது நாய்க்கு ஒரு பிஸ்கட்டை.
பிறகு எங்கோ ஒரு கட்டைவிரல்
என்னைத் தாண்டிப் போய்விடும்.

ரீகா சின்ன ஊர்.
லாட்விய மொழியில் விளம்பரம் பேச
ஏழெட்டுப் பேர்தான் இருக்கிறோம்.
டப்பாவில் அடைத்த மீனும் நான்தான்,
அது செரிக்காதவர்கள் விழுங்கும் மாத்திரையும் நான்தான்.

ஒலிக்கூடத்தில் ரைட்டிஸ் சொல்வான்:
"முதல் ஐந்து நொடிக்கு உயிரைக் கொடு.
மீதி இருபத்தைந்தும் சும்மா சடங்கு."
ஆனாலும் இருபத்து மூன்றாவது நொடியில்
ஒரு மூச்சு வாங்குவேன், மெல்ல,
பொருளை வாங்கலாமா என்று நானே யோசிப்பது போல.
யாரும் கேட்டிராத அந்த மூச்சில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

என் மடிக்கணினியில் தடுப்பான் இருக்கிறது.
மகள் அக்னெஸே போட்டுக் கொடுத்தாள்.
"உன்னையே தடுத்துவிட்டேன் அப்பா" என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
ஹாக்கி பார்க்கும்போது மெத்தை யாருக்கு வேண்டும்?
மூலையில் ஒரு எண் ஏறிக்கொண்டே போகும்,
தடுத்தவை இத்தனை ஆயிரம் என்று.
அதில் நான் எத்தனை என்று அது சொல்வதில்லை.

இமாந்தாவில் எங்கள் கட்டடத்துச் சுவர்களுக்கு
ரகசியம் காக்கத் தெரியாது.
பக்கத்து வீட்டு ஜின்ட்ரா
சமையலறையில் வைத்துப் பெண்களுக்குத் தலைச்சாயம் பூசுகிறாள்.
ஜன்னலோரம் போனில் யாரோ எப்போதும் கேக் சுடுவார்கள்.

போன நவம்பரில், நாலு மணிக்கே இருட்டிவிட்ட ஒரு நாள்,
சுவருக்கு அந்தப் பக்கம் நான் பேசினேன்.
ஐந்து.
ஆறு.
ஏழு.
யாரும் என்னை நிறுத்தவில்லை.
கையுறை முழுக்கச் செம்பழுப்பு,
அந்த விரலால் அவள் திரையைத் தொட முடியாது.

"இன்றே விண்ணப்பியுங்கள்" என்றேன்.
"எனக்கெதுக்கு" என்றாள் ஜின்ட்ரா.
"பத்தே நிமிடத்தில் பணம்" என்றேன்.
"அப்படித்தான் என் தம்பி காரை விட்டான்" என்றாள்.
சாயத்தில் உட்கார்ந்திருந்தவள் சிரித்தாள்.
இருபத்து மூன்றில் மூச்சு வாங்கினேன்.
சுவரில் காது வைத்திருந்த நானும்.

குளிர்காலம் முழுக்க இதே பேச்சுவார்த்தை.
மெத்தைக்கு, "முதுகு வலிக்குதுதான், அதுக்காக இந்த விலையா?"
பிஸ்கட்டுக்கு, "நாயே இல்லை, போ."
படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையசைப்பதோடு சரி.
என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.
சம்பளமில்லாத நேரத்தில் நான் மூக்கால் பேசுகிறவன்.

மார்ச்சில் ரைட்டிஸ் ஒரு தாளை நீட்டினான்.
விளம்பரமே இல்லாமல் பாருங்கள். முதல் மாதம் இலவசம்.
எனக்குத் தொண்ணூறு யூரோ.
"நுனிக்கொம்பில் உட்காரவைத்து
அடிக்கொம்பை வெட்டச் சொல்கிறாய்" என்றேன்.
"சிரித்த குரலில் வெட்டு" என்றான்.

வெட்டினேன்.
இருபது வருடத்தில் அவ்வளவு அழகாக
எதையும் நான் விற்றதில்லை.
அந்த ஒன்றைத்தான் நானே நம்பினேனோ என்னவோ.

பத்து நாளில் அது சுவரைத் தாண்டி வந்தது.
ஐந்து, பத்து, இருபது.
மறுப்பு வரவில்லை.
முப்பது முடிந்ததும் கையுறை கழற்றும் சத்தம்.
"சரி" என்றாள் ஜின்ட்ரா.

அதன்பின் அந்தப் பக்கம்
முட்டை அடிக்கிறார்கள், மாவு சலிக்கிறார்கள்,
நடுவில் ஒருவரும் குறுக்கே வருவதில்லை.

நேற்று தடுப்பானை அணைத்துவிட்டு ஹாக்கி பார்த்தேன்.
இடைவேளைக்கு முன்பே புகுந்தாள் ஒரு பெண்,
புதுக் குரல், தயிர் விற்றாள்.
ஐந்தாவது நொடியில் பொத்தான் முளைத்தது.
என் கட்டைவிரல் எனக்கு முன்னால் கிளம்பிவிட்டது,
அதைப் பிடித்து மடக்கிக்கொண்டேன்.
பத்தொன்பதில் அவளுக்கும் ஒரு மூச்சு இருந்தது.
"தயிர் எனக்கு ஒத்துக்காதும்மா" என்றேன்,
மூக்கால்தான்,
சுவருக்குக் கேட்கிற மாதிரி.