மூன்றாவது மாடி, பச்சை

வெளிநாட்டு மாணவர் பிரிவில் மூன்று பேர் வரிசை.
எனக்கு முன்னால் புருண்டிக்காரன் ஒருத்தன்,
பின்னால் நேபாளத்துப் பெண்.
நடுவில் நான்,
சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பையெல்லாம்
எழுத்துக் கூட்டாமல் வாசித்துக்கொண்டு.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்தார்.
"ஏனுங், தமிழுங்களா?"
ஓம் என்றேன்.
"அப்புறம் எதுக்குங்க இந்த வரிசைல நிக்கறீங்க?"
கடவுச்சீட்டை நீட்டினேன்.
அட்டையிலிருந்த சிங்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
முத்திரையை மைப்பெட்டியில்
தேவைக்கு மேல் ஒரு தரம் அமுக்கினார்.

அமைதியும் அபிவிருத்தியும், முதுகலை, முதலாண்டு.
இங்கே கோயம்புத்தூரில் அதை வளர்ச்சி என்கிறார்கள்.
அமைதிக்கு எங்கட பக்கம் சமாதானம் என்று பேர்.
பேச்சுவார்த்தைக் காலத்தில் அந்தச் சொல்லை
எல்லாரும் பாவித்துப் பாவித்து
சில்லறைக் காசு போலத் தேய்த்துவிட்டார்கள்.
இந்தப் புதுச் சொல் பரவாயில்லை,
வகுப்பில் பிள்ளைகளை அதட்டவும் உதவும்.

போர் இல்லாதிருப்பது எதிர்மறை அமைதி.
நீதியும் இருந்தால்தான் நேர்மறை.
பேராசிரியர் மரகதவல்லி பலகையில் கோடு கிழித்துப் பிரித்தார்.
கோட்டின் மேலே மின்விசிறியின் நிழல் சுற்றியது.
முதலாவதற்கு உதாரணம் கேட்டார்.
புருண்டிக்காரன் உடனே கையைத் தூக்கினான்.
நான் குனிந்து
விழாத பேனை மூடியைத் தேடினேன்.

களப்பணி, பவானிசாகர் முகாம்.
அனுமதிக் கடிதம் வர ஏழு கிழமை.
அதற்குள் சத்தியமங்கலம் பஸ்ஸில்
கம்பி பிடிக்காமல் நிற்கப் பழகிவிட்டேன்.
அணைக்குக் கீழே வாய்க்கால் முட்டத் தண்ணீர்,
வாழை, மஞ்சள், விடியலில் பறித்த மல்லிகை மூட்டைகள்,
பிறகு ஒரு வளைவு,
பிறகு தகரக் கூரைகள்.
பதிவேட்டில் எனக்கும் அவர்களுக்கும் ஒரே நாடு.
அவர்கள் படகில் வந்தவர்கள்.
நான் பிளேனில், புலமைப்பரிசிலில்,
இருபத்துமூன்று கிலோ பொதியோடு.

நிரோஜன், வயது இருபத்தொன்பது, பெயின்ட் வேலை.
நகக்கண்ணில் யாரோ வீட்டு நீலம்.
கேள்வி பதினான்கு: சொந்த ஊர்?
"அதை நீங்களே சொல்லுங்க.
பொறந்தது இங்கீங்க. அம்மாவுக்கு மாங்குளம் பக்கமுங்க.
அங்க குளத்துல தண்ணி நிக்குதுங்களா இப்ப?"

எங்கள் வீட்டிலிருந்து மாங்குளம்
சைக்கிளில் போகிற தூரம்.
எனக்குத் தெரியவில்லை.
அவன் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ங்க போட்டான்.
ஒத்த வயதுக்காரிக்கு அவ்வளவு மரியாதை,
அசலூர்க்காரருக்குப் போடுகிற மரியாதை.

எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டான்.
விடுதியின் பேரைச் சொன்னேன்.
முகம் மலர்ந்துவிட்டது.
"மூணாவது மாடியுங்களா? பச்சை?
நாங்க அடிச்சதுங்க அது.
காண்ட்ராக்டர் ஒரு கோட்டு போதும்னுட்டாருங்க.
ரெண்டு அடிச்சிருக்கோணும்."

வினாத்தாளில் இதற்குக் கட்டமில்லை.
பின்பக்கம் திருப்பி எழுதிக்கொண்டேன்:
ரெண்டு அடிச்சிருக்கோணும்.
மறுநாள் முகாமில் செக்கிங்காம்.
"இருக்கோணுமுங்க, இல்லாட்டி பேரை அடிச்சிருவாங்க"
என்று சிரித்தபடி பஸ் நிறுத்தம் வரை வராமல்
வாசலோடு நின்றுகொண்டான்.

இரவு அறையில், பெருந்துறைக்காரி தேன்மொழி கேட்டாள்,
"ஏனக்கா செவுத்தையே பாக்கற?"
சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலம்
தூரிகை போகவில்லை.
உள்ளே பழைய மஞ்சள்.
"அடுத்த வருசம் வேற கலர் அடிப்பாங்களாம்" என்றாள்.
யார் அடிப்பார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.
என் விசா ஆனியில் முடிகிறது.

பேராசிரியருக்கு மாதிரி அளவு போதவில்லை,
இன்னும் பன்னிரண்டு பேர் வேண்டும்.
கேள்வி பதினான்கு வெறுமையாய்க் கிடக்கிறது.
குளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று
வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறேன்.
ஒரு கோடு விழுந்திருக்கிறது.
இரண்டாவது இன்னும் விழவில்லை.