சும்மா

வினிப்பெக், மைனஸ் முப்பத்தொன்று.
வாசலில் நாலு கார்கள்
மூக்கில் வயர் செருகிய நோயாளிகள் போல் வரிசையில்.
தர்மினி வீட்டு பேஸ்மென்டில் பதினொரு பேர்,
பதினொரு துண்டுகள், இரண்டு ஓநாய்.
"ஊர் உறங்குது, கண்ணை மூடுங்கோ" என்கிறாள்
அவளுடைய மகள் ஆரணி, வயது பதின்மூன்று,
பல்லுக்குக் கம்பி போட்ட கடவுள்.

முதல் இரவில் கஜேந்திரன் செத்தான்.
துண்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு
கோப்பையோடு மேலே குசினிக்குப் போனான்.
செத்தவர் சபையில் இருக்கக்கூடாது.

நான் பார்ப்பது வாகன விபத்து இழப்பீட்டு வேலை.
பம்பரின் நெளிவைப் பார்த்து
பொய்யின் வேகம் சொல்லிவிடுவேன்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் நவநீதனைப் பார்த்தேன்.

பிறேம்நாத் சிரிக்கிறான்தான், ஆனால் அவன்
வரிக் கடிதம் வந்தாலும் சிரிப்பான்.
சிவாங்கியின் கை நடுங்குகிறது, அது கோப்பி.
நவநீதனோ ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு
"நான் இரவு கண் திறந்தனான்" என்கிறான்.
ஏன்?
"சும்மா."

சும்மா என்ற சொல்லுக்கு
என் மேசையில் இதுவரை ஒரு டொலரும் கொடுத்ததில்லை.

பிறகு, தனக்காகப் பேச வந்த சுபத்திராவை
"என்னை நம்பாதேங்கோ" என்று தடுத்தான்.
ஓநாய் என்றால் அந்தக் கையைப் பிடித்திருப்பான்.
ஊரான் என்றாலும் பிடித்திருப்பான்.
இரண்டிலும் சேராத ஏதோ ஒன்று
அவன் சட்டைப்பையில் கிடந்தது.
விடிய ஐந்து மணி ஷிஃப்டோ?
பிள்ளைக்குக் காய்ச்சலோ?
அடிக்கடி படிக்கட்டைப் பார்த்தான்.
மேலே கேத்தில் வைக்கும் சத்தம்.

எல்லாவற்றையும் சொன்னேன், விரல் மடக்கி.
என் குரல் நன்றாகத்தான் இருந்தது.
கைகள் எழுந்தன: ஏழு, எட்டு,
ஒன்பதாவது கை அவனுடையது.

துண்டைத் திருப்பினான். ஊரான்.
வெறும் ஊரான்.
சுபத்திரா என்னை முறைத்தாள்.
அவன் விமானத்துக்குப் பிந்தியவன் போல
இரண்டிரண்டு படியாக ஏறினான்.

அண்ணன் கஜேந்திரன் பிணை நின்ற வீடு.
வங்கி எடுத்துக்கொண்ட வீடு.
ஆறு வருஷமாக எந்தக் கல்யாண மண்டபத்திலும்
எதிரெதிர் மூலையில் சாப்பிடும் இரண்டு குடும்பங்கள்.
உயிரோடிருப்பவரோடு செத்தவர் பேசக்கூடாது, சரி.
செத்தவரும் செத்தவரும் பேசக்கூடாது என்று
அந்தப் பிள்ளை சொல்லவில்லை.

"ஊர் உறங்குது."
கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் கூரையைக் கேட்டோம்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
ஹீட்டர் ஒருமுறை முனகி அடங்கியது.
பிறகு,
"தண்ணி கிடக்கோ அதுக்குள்ள?"
"கிடக்கு."
"காணுமோ ரெண்டு பேருக்கு?"

பதில் காதில் விழவில்லை.
அதற்குள் "ஓநாய்கள் கண்ணைத் திறக்கலாம்" என்றாள் ஆரணி.

திறந்தேன்.

முதல் இரவில், இத்தனை பேர் இருக்க,
கஜேந்திரனை நோக்கி ஏன் விரல் நீட்டினேன் என்று
யாரும் இன்னும் என்னைக் கேட்கவில்லை.
கேட்டால்
சும்மா என்பேன்.