கறுப்பை எண்ணுபவள்

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
நேர்ப்பெஸ் ஊரின் வயல்களைப் பனி மூடி எட்டு வாரம்.
உள்ளே, கண்ணாடிக்குக் கீழே,
தக்காளிக் கொடிகளுக்கு மட்டும் சித்திரை.
சோடியம் விளக்குகளின் மஞ்சளில்
முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு செனியா
பதினேழாம் வரிசையில் ஒரு கொடியை உலுக்கினாள்.

சாம்பல் பறந்ததுபோல் வெள்ளை ஈக்கள் எழுந்து
அதே இலையின் அடியில் போய் அமர்ந்தன.
கீழிலைகள் பிசுபிசுத்தன.
விரலில் ஒட்டினால் இனிப்பு.
காயில் ஒட்டினால் நட்டம்.

"மருந்து அடித்துவிடலாம்" என்றார் ஹில்டிங்.
"அடித்தால் பெட்டியில் வருகிறவையும் சாகும்.
பூவை அதிரவைக்கும் வண்டுத்தேனீக்களும்."
"எத்தனை நாள்?"
"பன்னிரண்டு."
அவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை.
வங்கித் தவணை மறுபக்கம் நிற்பதுபோல
கண்ணாடியைப் பார்த்தார்.

பெட்டி கொண்டுவந்த பெர்யே
வழியில் வண்டி பனியில் சிக்கியதால்
இரண்டு மணி நேரம் அதைத்
தன் கம்பளிச் சட்டைக்குள் வைத்திருந்தானாம்.
"உள்ளே என்ன?"
"குளவிகள். மூவாயிரம்."
சட்டென்று பொத்தான்களைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

குளவி என்றதும் நீங்களும் கூரையைப் பார்க்க வேண்டாம்.
இதற்கு மனிதரைக் கொட்டத் தெரியாது.
மெய்யெழுத்தின் தலையில் வைக்கிறோமே புள்ளி,
அவ்வளவுதான் உடம்பு.
அதற்குள் இறக்கை, பசி, வழி தேடும் கொம்பு,
ஒரு மஞ்சள் வயிறு.
ஏறக்குறைய எல்லாமே பெண்.
ஆணுக்குக் காத்திராத முட்டைகள்.

கீழிலைக் காம்புகளில் அட்டைகளைத் தொங்கவிட்டாள்,
துணி காயப்போடுகிற சாதாரணத்தோடு.

மூன்றாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை.
ஐந்தாம் நாள் ஹில்டிங் மருந்துத் தொட்டியைக் கழுவினார்,
எல்லோருக்கும் கேட்கும்படி.
எட்டாம் நாள், மஞ்சள் ஒட்டுப்பொறியில்
மூன்று குளவிகள் செத்திருந்தன. நம்முடையவை.
பொறிக்கு ஆள் தெரியாது.

அன்றிரவு விளக்குகள் அணைந்ததும்
ஊருக்கு மேலே நின்ற ஆரஞ்சு வானமும் அணைந்தது.
பதினெட்டு டிகிரிக்குக் கீழே போனால்
அவை பறக்காது, நடக்கும்.
நடந்து எத்தனை இலை போய்ச் சேரும்?
படுக்கையிலிருந்து கைப்பேசியில் பார்த்தாள்: பதினெட்டரை.
புரண்டு படுத்தாள்.

பதினோராம் நாள் ஓர் இலையைத் திருப்பி
லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாள்.
செதிள் செதிளாய் ஈக்குஞ்சுகள், பாலாடையின் நிறம்.
நடுவே ஒன்று கறுப்பு.
தள்ளி இன்னொன்று.
தன் பிள்ளை வளரும் என்று ஈ விட்டுப்போன கூட்டுக்குள்
வேறொருத்தியின் பிள்ளை.

எண்ணும்போது மட்டும் அவளுக்குப் பொஸ்னிய மொழிதான் வரும்.
யெதான், த்வா, த்ரி...
அறுபதில் பதினான்கு.
குறிப்பேட்டில் ஸ்வீடிஷில் எழுதினாள்.
பதினான்கை மட்டும் இன்னொரு முறை
பேனாவால் அழுத்தினாள்.

ஹில்டிங் லென்ஸை வாங்கிப் பார்த்தார், நெடுநேரம்.
கண்ணாடியில் வழிந்த நீர்த்துளி
அவர் பிடரியில் விழுந்தது. துடைக்கவில்லை.
"எல்லாம் கறுத்துவிட்டால்?"
"அப்புறம் இவற்றுக்கு முட்டையிட இடமில்லை.
கொஞ்சம் ஈயை விட்டுவைக்க வேண்டும்."
"கொஞ்சம் என்றால்?"
அவருடைய கணக்குத் தாளில்
அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

சாயங்காலம், கத்தரிக்கோலும் வாளியுமாய்,
இருபத்துமூன்றாம் வரிசையின் கடைசிக் கொடியை
உலுக்காமல் கடந்தாள் செனியா,
அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தே.