செவ்வாய்வரை

மீன் ஏலத்தின் செர்வர் ஒரு பீரோ அளவுகூட இல்லை.
கிளக்ஸ்விக் துறைமுகத்தில், ஐஸ் அரைக்கும் எந்திரத்துக்கு மேல்மாடியில்
மூன்று கன்டெய்னர்களைச் சுமந்துகொண்டு முனகுகிறது:
ஏலம், எடை, கணக்கு.
கீழே கப்பலுக்குக் காத்திருக்கும் இரும்புப் பெட்டிகளுக்கும் அதே பெயர்தான்.
துருப்பிடிக்காதவை என்னுடையவை.

ஒவ்வொரு இரவும் பதினொன்றுக்கு ஒரு வரி தட்டுகிறேன். ஸ்நாப்ஷாட்.
ஒரு தும்மலுக்குள் முடிந்துவிடும்.
படம் என்கிறார்கள். படமல்ல.
இந்த நொடியில் இருப்பதன்மேல் எழுதாதே என்று
வட்டிடம் வாங்கும் வாக்கு.

வெள்ளி, அதிகாலை மூன்று.
புதன் மாலை போட்ட புதுப்பிப்பில்
எடையின் புள்ளி இடம் மாறி
ஒரு காட் மீன் நானூறு கிலோ நின்றது.
புதுப்பிப்புக்கு முன்னால் எப்படி இருந்ததென்று பார்க்கவேண்டும்.

நகலெடு ஏலம்/செவ்வாய் சோதனை
தொடங்கு சோதனை

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வரி உண்டு,
நகலின் வலைக்கம்பியைக் கழற்றிவிடும் வரி.
வேலைக்கு வந்த முதல் மாதமே மனப்பாடம்.
அன்று தட்டவில்லை.
காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வேறு காரணம் இல்லை.

நகல் விழித்தது. புதிதாக இடம் எதையும் அடைக்கவில்லை.
ஏதோ ஓர் எழுத்து மாறும்வரை
இரண்டும் ஒரே தட்டில்தான் சாப்பிடும்.
பிறகு மாறியதை மட்டும்
தனித்தனியே எழுதிக்கொள்ளும்.
கடிகாரம் அதற்கும் வெள்ளி என்றுதான் சொன்னது.
படகுப் பட்டியல் மட்டும் செவ்வாயில் நின்றது.

பட்டியலில் பதினேழாவது வரி:
லொம்விகி. ஹைனி.
மூலத்தில் அந்த வரி கிடையாது.
வியாழன் பிற்பகல் நானே எடுத்தேன்.
புதன் காலை அவர் கயிற்றைக் கட்டி,
முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்து,
படித்துறையில் உட்கார்ந்தார். எழவில்லை.
நீக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

நான்கு மணி.
இருபத்திரண்டு படகுகளுக்கு இரண்டிரண்டு செய்தி போனது.
ஒரு படகுக்கு ஒன்று.
"லொம்விகி, ஏலம் ஆறு மணிக்கு. வருவதானால் 1 அனுப்பவும்."

தூக்கம் கலைந்தவர்களின் வசவு வரிசையாக வந்து விழுந்தது.
அவற்றின் இடையில், நான்கு ஏழுக்கு,
வெறும் 1.
அறியாத எண் என்று மூலம் அதை ஓரமாக வைத்தது.
அறிந்தவள் நான் ஒருத்திதான் அந்த அறையில்.

புள்ளியின் பழைய இடத்தைப் பார்த்து மூலத்தில் திருத்தினேன்.

நிறுத்து சோதனை
அழி சோதனை

ஒரு வரியை நீக்கக் கேள்வி கேட்கிறார்கள்.
ஒரு முழு எந்திரத்தை அழிக்கையில்
யாரும் எதுவும் கேட்பதில்லை.
கர்சர் அடுத்த வரிக்கு இறங்கி மினுக்கிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு மர்னா வந்தாள்,
ஹைனியின் மஞ்சள் மழைக்கோட்டில்,
கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு.
காட் போனது. ஹாடாக் போனது.
நங்கூர மீனுக்கு ஸ்காட்லாந்துக்காரர் இருவர் முட்டிக்கொண்டார்கள்.
திரையில் வராத பெயருக்காகப்
பெயர்கள் ஓடுவதைப் பார்த்து நின்றாள்.

இறங்கிப் போனேன்.
மூலம், நகல், வலைக்கம்பி என்று ஆரம்பித்து,
பாதியில் எனக்கே கேட்கச் சகிக்காமல்,
தவறு என்னுடையது என்றேன்.

"கூப்பிட்டாய், ரான்வா. வந்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து, ரசீது கேட்கும் குரலில்:
"பெயர் இன்னும் அதில் இருக்கிறதா?"

சோதனையை அழித்தாயிற்று.
ஆனால் அது பிறந்த ஸ்நாப்ஷாட் அழியவில்லை.
ஏழு நாள் வைத்திருப்போம், பிறகு தானாக உதிரும்.
"இருக்கிறது" என்றேன்.
"வரும் செவ்வாய் இரவு பதினொன்றுவரை."

படகுச் சேவை நேரத்தைக் கேட்டுக்கொண்டவள்போல் தலையசைத்தாள்.
எங்களுக்குப் பின்னால் அடுத்த பெட்டி தராசில் ஏறியது.
முப்பத்தெட்டுப் புள்ளி நான்கு.