ஆட்சேபணை

ரோலாவில் ஒன்பதாம் மாடி.
லிஃப்ட் ஏழில் நின்றபோது
இவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்,
கூட்டப் பேருந்தில்
பர்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பவரைப் போல.

பர்ஸில்தான் இருந்தது அந்த அட்டை.
ஓய்வூதியர் நலக் காப்பீடு.
இவர் பெயர், எண்,
கீழே துணைவி என்று நான்.
மாதாமாதம் பென்ஷனில் பிடித்தம்;
ஆறு வருஷமாய் ஒரு காய்ச்சலுக்கும் அதை நீட்டியதில்லை.

வரவேற்பு மேசைப் பெண், மணிலாக்காரி,
அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
மறுபடி திருப்பினாள்.
கோபுர முத்திரையில் விரல் வைத்து
"டெம்பிள்?" என்றாள்,
பணிவாகத்தான்.

பட்டியலிட்ட மருத்துவமனைகள்
மதுரையில் பல, பரமக்குடியில் ஒன்றிரண்டு.
கடல் தாண்டி ஏதுமில்லை என்று எனக்குத் தெரியும்.
ஆனாலும் பட்டியலை மடித்துக்
கைப்பையில் கொண்டுவந்திருந்தேன்.
எதற்கென்று கேட்காதீர்கள்.

மாப்பிள்ளை கம்பெனி இன்சூரன்ஸில்
மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு.
மாமனாருக்குப் படிவத்தில் கட்டமே இல்லை.
தமயந்தி வளையல் கையைத்
துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.
மறுநாள் வெறுங்கை.

மூன்று ராத்திரி, ஒரு ஸ்டென்ட்,
முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் திர்ஹம்.
கண் திறந்ததும் இவர் கேட்டது தண்ணீர் இல்லை.
பில்.
அப்புறம் சிவப்புப் பேனா.

முதுகுளத்தூர் சார்நிலைக் கருவூலத்தில்
முப்பத்திரண்டு வருஷம் பழகிய கை.
ஊசி ஏறிய புறங்கை வீங்கியிருந்தும்
வரிக்கு வரி டிக் அடித்துக்கொண்டு போனது.
பதினேழாம் வரியில் கையுறை.
நாற்பத்தொன்றில் அதே கையுறை, அதே நேரம்.
ஓரத்தில் எழுதினார்:
"இருமுறை கோரப்பட்டுள்ளது. விளக்கம் தேவை."
தமிழில்தான்.
மருதவாணன் இங்கிலீஷில் சொல்லி வாதாடி வர,
நாற்பத்தாறு திர்ஹம் கழித்தார்கள்.
இன்கிரிமென்ட் வந்த மாதிரி சிரித்தார் இவர்.

அன்று ராத்திரி ஏசி இரைச்சலுக்கு நடுவே,
"ரோசலின் டீச்சர் ஞாபகமிருக்கா?"

இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை
வீட்டுக்கே வந்தார், பூசை முடிந்த கையோடு.
கணவருக்கு டயாலிசிஸ்.
பில் மூன்று முறை திரும்பியிருந்தது.
அவசியச் சான்று இணைக்கப்படவில்லை.
மருத்துவர் முத்திரை தெளிவாக இல்லை.
மூன்றாவது என்னவென்று மறந்துவிட்டேன்.
ஆபீஸ் விஷயம் ஆபீஸில், என்றார் இவர்.
நான் வைத்த காபியைத் தொடாமல்
டீச்சர் எழுந்து போனதும்
அதை நானே குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

"நாலாவது தடவை வந்துச்சா அந்தப் பில்?"
"எனக்கெப்படித் தெரியும்? ஆபீஸ் உங்களது."
வெகு நேரம் பேச்சில்லை.
தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.
"வரலைன்னு தோணுது."

வஹ்தா ரோட்டில்
எதற்கோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

விடிந்தும் இவர் எழவில்லை; மாத்திரைத் தூக்கம்.
மூச்சை எண்ணிவிட்டு
அட்டையைத் துடைத்துப் பர்ஸில் வைத்தேன்.
இன்று மாதக் கடைசி.
ஊரில் பென்ஷன் ஏறியிருக்கும்,
பிடித்தம் போக.